காகிதக் கப்பலைப் பெரிதாக்கும்போது நேரும் தவறுகள்

குளச்சலில் 1741 ஆகஸ்ட் 10 அன்று நடந்த போரை மேசைமேல் பொம்மை வீரர்களை வைத்து ஆடிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் நாலைந்து பேரின் நெடுநாள் ஆசை. ஒரு பக்கம் மார்த்தாண்ட வர்மரின் திருவிதாங்கூர்ப் படை, மறுபக்கம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. டச்சுத் தளபதி டிலனாய் அந்தப் போரில் பிடிபட்டவர், பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்தவர். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது. நடந்தது எங்கள் கடற்கரையில் என்பதால் இந்த ஆட்டத்தில் எங்களுக்கு ஒரு தனிப் பிடிப்பு. 28 மி.மீ. உயரப் பொம்மை வீரர்கள், பனைமரம், மணல்மேடு எல்லாம் தயார். கடலில் நிற்க ஒரு கப்பல் வேண்டும். அந்த அளவில் பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ வாங்கினால் கட்டுப்படியாகாது. வரைபடத்தை அச்சடித்து, வெட்டி ஒட்டிக் காகிதத்தில் செய்யலாம். ஆனால் சின்ன அளவுக்கு வரைந்ததைப் பெரிதாக்கிச் செய்வதில் சில குழிகள் உண்டு. பலவற்றில் நானே விழுந்து எழுந்தேன்.

முதல் குழி கணக்கு. காகிதக் கப்பல் வரைபடங்களில் ஜெர்மன்காரர்கள் வழக்கமாக 1:250 வைப்பார்கள், அதாவது உண்மைக் கப்பலில் 250இல் ஒரு பங்கு; போலந்துக்காரர்கள் 1:200. 28 மி.மீ. பொம்மைக்கு 1:56 பொருந்தும். எத்தனை விழுக்காடு பெரிதாக்குவது? வரைபடத்தின் கீழெண்ணை நமக்கு வேண்டிய கீழெண்ணால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 1:100 வரைபடம் என்றால் 100 வகுத்தல் 56, அதாவது 179 விழுக்காடு. இதைத் தலைகீழாக வகுத்து 56 விழுக்காடு என்று அச்சடித்து, கப்பல் உள்ளங்கையில் அடங்கிப்போனவர்களும் உண்டு. இன்னொன்று, 200 விழுக்காடு என்றால் நீளம்தான் இரட்டிப்பு, தாள் நாலு மடங்கு. 1:250 வரைபடத்தை 1:56க்குக் கொண்டுவர 446 விழுக்காடு வேண்டும், ஒரு ஏ4 தாள் இருபது தாளாகும். அதோடு, சின்ன அளவுக்கு வரைந்தவர் கதவையும் சன்னலையும் வெறும் கோடாகத்தான் போட்டிருப்பார். பெரிதாக்கினால் அந்தக் கோடு தடித்த கோடாகுமே தவிர கதவாகாது. கீழெண் 100 அல்லது அதற்கும் குறைவாக உள்ள வரைபடத்தில் தொடங்குவதே நல்லது.

கப்பலைத் தேர்வதும் கணக்கோடு சேர்ந்ததுதான். ஆம்ஸ்டர்டாம் நகரில் நிற்கும் டச்சுக் கம்பெனிக் கப்பலின் முழு அளவு நகல் 48 மீட்டர் நீளம். 1:56இல் 86 செ.மீ. ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல் 69 மீட்டர், அது ஒன்றேகால் மீட்டர் வந்துவிடும். கன்னியாகுமரியில் நிற்கும் 133 அடி வள்ளுவர் சிலையை இதே அளவில் செய்தால் 72 செ.மீ. வரும். மேசையில் அப்படி ஒன்றைப் படுக்க வைத்தால் மிச்சம் எவ்வளவு இடம் என்று யோசித்துக்கொண்டு கப்பலைத் தேர்ந்தெடுங்கள். முதல் முயற்சிக்கு ஒரு கட்டுமரமோ வள்ளமோ போதும். ஆறு மீட்டர்க் கட்டுமரம் 11 செ.மீ.க்குள் முடிந்துவிடும், கையும் பழகும்.

அச்சடிக்கும்போது கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். பெரும்பாலான கடைகளில் 'ஃபிட் டு பேஜ்' தானாகவே விழுந்திருக்கும். தாள் ஓரத்துக்குள் அடங்க வேண்டுமென்று படத்தைச் சில விழுக்காடு சுருக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஒட்டும்போதுதான் தெரியும். பெரிதாக்கும் முன்பே ஒவ்வொரு பக்கத்திலும் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள். 179 விழுக்காட்டில் அச்சான தாளில் அந்தக் கோடு 17.9 செ.மீ. இருக்க வேண்டும். முதல் தாள் வெளியே வந்ததும் அங்கேயே அளந்துவிட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். எல்லாப் பக்கங்களையும் ஒரே கடையில் ஒரே தடவையில் அடிப்பதும் முக்கியம். இன்று பாதி, அடுத்த வாரம் பாதி என்றால் இடப்பக்கப் பலகை பழுப்பாகவும் வலப்பக்கம் சிவப்பாகவும் வந்து நிற்கும்.

இனித்தான் பெரிய விஷயம். படம் பெரிதாகும், அட்டை தானாகத் தடிக்காது. மூல வரைபடத்தில் 1 மி.மீ. அட்டைக்கென்று வெட்டுப் பள்ளம் வைத்திருப்பார்கள். பெரிதாக்கினால் அது 1.8 மி.மீ. ஆகிவிடும். நாம் அதே 1 மி.மீ. அட்டையைச் செருகினால் கிழவர் பல் மாதிரி ஆடும். முதல் கப்பலில் ஆட்டத்தை அடக்கப் பசையை நிறைத்தேன். பசை காய்ந்தபோது இழுத்துப் பிடித்து, கப்பலின் முதுகு ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. சரி, என்ன செய்யலாம்? பள்ளத்தின் அகலத்துக்கு ஏற்ற தடிப்பில் அட்டை தேடுங்கள். கிரே போர்டு பல தடிப்பில் கிடைக்கிறது. பழைய காலண்டர் அட்டையும் உதவும், இரண்டை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியும் தடிப்பைக் கொண்டுவரலாம். அளவுகோலால் குத்துமதிப்பாகப் பார்க்காமல், பத்துத் துண்டுகளை அடுக்கி மொத்தத் தடிப்பை அளந்து பத்தால் வகுத்தால் சரியான எண் கிடைக்கும்.

மேலே ஒட்டும் தாளுக்கும் இதே கதை. 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) தாள் சின்னக் கப்பலில் விறைப்பாக நிற்கும். அதே தாள் இரண்டு மடங்கு நீளத்தில் தொய்யும். அதனால் உள்ளே அட்டை கொடுக்கிறோம். கொடுத்த உடனே வேறொரு சிக்கல் வரும். பின்பக்க அறையின் இரண்டு சுவருக்கும் உள்ளே 1.8 மி.மீ. அட்டை ஒட்டினால் உள்ளகலம் 3.6 மி.மீ. குறைந்துவிடும். அந்த இடத்தில் இறங்க வேண்டிய தளம் இறங்காது, அழுத்தினால் சுவர் பிதுங்கும். தளத்தை வெட்டும் முன் அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். மூலையில் இரண்டு அட்டையும் முட்டாதபடி ஒன்றைத் தன் தடிப்பளவு குட்டையாக வையுங்கள். அப்புறம், அட்டையின் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் அது காயும்போது சுருண்டு வளையும். பின்பக்கமும் ஏதாவது வெள்ளைத் தாளை ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு வைத்தால் தட்டையாக நிற்கும்.

வங்கு என்னும் கப்பல் விலா எலும்பு விஷயத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் ஊர் ஓடாவி ஒருவர். வள்ளம் கட்டியே வயதானவர். என் இரண்டாவது கப்பலைத் திண்ணையில் காயவைத்திருந்தேன். வந்தவர் குனிந்து, கப்பலின் விலாவில் விரலை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். விரல் ஏறி இறங்கியது.

"மக்கா, மெலிஞ்ச மாட்டுக்கு விலா தெரியும்லா, அது மாதிரி கெடக்கு. வங்கு எத்தன போட்ட?"

"படத்துல பத்து இருந்தது மாமா, பத்துதான் போட்டேன்."

"படம் சின்னது. நீ பெருசாக்கிட்ட. வங்குக்கும் வங்குக்கும் எட தூரம் கூடிப்போச்சுல்லா? நடுவுல பலகைய யாரு தாங்குவா?"

அவர் சொன்னது அப்படியே சரி. மூலத்தில் 4 செ.மீ. இடைவெளியில் நின்ற வங்குகள் பெரிதாக்கியபின் 7 செ.மீ. தள்ளி நின்றன. நடுவில் தாள் குழிந்துபோனது. இப்போது ஏராவை (கப்பலின் அடி முதுகெலும்பை) வைத்ததும் ஒவ்வொரு இரண்டு வங்குக்கும் நடுவே இன்னொன்று சேர்க்கிறேன். பக்கத்து இரண்டின் வடிவத்தையும் ஒரே தாளில் வரைந்து, இரண்டு கோட்டுக்கும் நடுவே மூன்றாவது கோடு போட்டால் புது வங்கின் வடிவம் கிடைத்துவிடும். அதன்மேல் நேராக அச்சுத் தாளை ஒட்டாமல், முதலில் சாதாரண அட்டைப் பட்டைகளால் ஒரு தோல் போர்த்தி, உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, அதற்கு மேல் அச்சுத் தாளை ஒட்டுகிறேன். வேலை இரட்டிப்புதான். ஆனால் விரல் இப்போது தடங்கலில்லாமல் போகிறது.

அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) தாள் வளைய மறுத்து மடிவதற்குக் காரணம் தாளின் நார்ப்போக்கு. மரத்துக்கு இருப்பது போலத் தாளுக்கும் நார் ஒரு திசையில்தான் ஓடும். அந்தத் திசையோடு சுருட்டினால் குழைந்து வளையும், குறுக்கே சுருட்டினால் முறியும். ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். அணியத்தின் வளைவுக்கு நார் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும், எனவே அந்தத் துண்டுகளைத் தாளில் குறுக்காகத் திருப்பி அச்சடியுங்கள். இடம், வலம் இரண்டையும் ஒரே திசையில் வையுங்கள். மடிப்புக் கோடுகளை மை தீர்ந்த பேனாவால் அழுத்தி இழுத்த பிறகே மடியுங்கள், வெட்டு விளிம்பில் தெரியும் வெள்ளையைக் கலர் பென்சிலால் மூடுங்கள். இவற்றை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

அடுத்த குழி, இந்தக் கப்பல் அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கப் போவதில்லை, இதன்மேல் விளையாடப் போகிறோம் என்பதை மறப்பது. தண்ணீருக்குக் கீழே இருக்கும் பகுதியை நீர்மட்டக் கோட்டில் வெட்டிவிடுங்கள், மேசையில் தட்டையாக உட்காரும். கரையேற்றிய வள்ளத்துக்கு மட்டும் முழு வயிறு வேண்டும். பொம்மையின் வட்ட அடி 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிப்பு. உண்மையான ஒரு மீட்டர்க் கைப்பிடிச் சுவர் 1:56இல் 18 மி.மீ. வரும். பொம்மை தன் அடித்தட்டின் மேல் நிற்பதால் அந்தச் சுவர் தொடைக்கு இறங்கிவிடும். 3 மி.மீ. கூட்டி 21 ஆக வையுங்கள். ஏணிப்படி ஒவ்வொன்றும் உண்மை அளவில் 4 அல்லது 5 மி.மீ.தான், அதில் எந்தப் பொம்மையும் நிற்காது. படியை அழகுக்கு விட்டுவிட்டு, மேலும் கீழும் வட்ட அடி நிற்க இடம் ஒதுக்குங்கள்.

பாய்மரத்தையும் கயிற்றையும் ஆசை ஆசையாக முழுதாகக் கட்டுவது எனக்கும் பிடிக்கும். ஆனால் அப்படிக் கட்டியபின் தளத்தில் நிற்கும் பொம்மையைக் கைவிட்டு எடுக்க முடியாது. எடுக்கப் போனால் நூல் அறும். மரத்தைக் கழற்றும்படி வையுங்கள். தளத்துக்குக் கீழே காகிதக் குழல் ஒன்றைப் பதித்து மரத்தை அதில் இறக்கினால் போதும். பக்கவாட்டு நூலேணி இரண்டு பக்கமும் இருக்கட்டும், மற்றதில் பெரும்பாலானவற்றை விட்டுவிடலாம். பாய் தொங்கும் குறுக்குக் கழியான பருமலுக்கு எங்கள் பக்கத்தில் ஈர்க்கிலை மிஞ்சிய பொருள் இல்லை. தென்னை ஈர்க்கில் ஒரு முனையில் தடித்து மறுமுனையில் கூராகும். இரண்டை எடுத்துத் தடித்த முனைகளை நடுவில் சேர்த்து நூல் சுற்றினால், நடுவில் பெருத்து இரு பக்கமும் மெலியும் பருமல் கையில் வந்துவிடும். பச்சை ஈர்க்கில் வேண்டாம், காய்ந்தபின் வளையும். துடைப்பத்திலிருந்து உருவிய நன்றாகக் காய்ந்ததே சரி.

ஈரம் எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு முறை வரும், இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) ஒன்று, ஐப்பசியில் ஒன்று. போதாததற்குக் கடல் காற்று. இன்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் கரையும், பெவிகால் போன்ற வெள்ளைப் பசையிலும் தண்ணீர்தான். அச்சானதும் வெட்டும் முன்பே தெளிவான வார்னிஷ் ஸ்பிரேயை மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். மழை நாளில் அடிக்கவே வேண்டாம். காற்றிலுள்ள ஈரம் வார்னிஷில் சிக்கிப் பால் படிந்தது போல் வெளுத்துவிடும், பிறகு அது போகாது. பெரிய பரப்புக்கு ரப்பர் பசை, சிறு ஓரங்களுக்கு வெள்ளைப் பசை, அதுவும் ஈர்க்கில் நுனியால் தொட்டு வைக்கிற அளவு. மைதா பசை மலிவு என்று போகாதீர்கள். கரப்பான் தேடி வந்து தின்னும்.

காகிதக் கப்பலுக்குக் கனமில்லை. ஆடிக் காற்றோ மின்விசிறியோ போதும், கப்பல் மேசையைவிட்டுக் கிளம்பிவிடும். அடியில் எடை வைக்க வேண்டியதுதான், ஆனால் கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து அட்டையை உள்ளிருந்தே ஊறவைக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணல் நல்ல கனம்தான், அதில் கதிரியக்கம் கொண்ட மோனசைட் இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். ஹார்டுவேர் கடையில் இரும்பு வாஷர்களை எடைக்கு வாங்கி, முன்னும் பின்னும் சமமாகப் பிரித்து, தளம் மூடும் முன்பே ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக, கப்பல் எந்த வாசல் வழியாக வெளியே போகும், எதில் போகும் என்று தொடங்கும்போதே அளந்து பாருங்கள். நண்பர் வீடு நாகர்கோவிலில், எனக்கு வழி பேருந்து. 86 செ.மீ. கப்பலை நெரிசலில் மடியில் வைத்துக்கொண்டு போனதில் அணியத்துக்கு முன் நீட்டிய கொம்பு தக்கலைக்கு வருவதற்குள் ஒடிந்தது. இப்போது நடுப்பாய்மரத்துக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் இரட்டை வங்கு போட்டு, இரண்டுக்கும் நடுவே காந்தம் வைத்து, கப்பலை இரண்டு பாதியாகவே கட்டுகிறேன். ஒவ்வொரு பாதியும் ஒரு செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். பைக்குள் அடங்குகிறது. அங்கே போய்ச் சேர்த்தால் 'டக்'கென்று ஒட்டிக்கொள்கிறது.