ஒரு டோஸ் ஆயுளுக்கும் போதுமா? மஞ்சள் காய்ச்சல் ஊசியை வைத்து ஆய்வுத் தொகுப்பு செய்யும் முறை

கொசுக்கடியால் பரவும் வைரஸ் நோயான மஞ்சள் காய்ச்சலுக்கு ஒரு டோஸ் போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசி நிபுணர் குழு 2013இல் சொன்னது. அதன்படி சர்வதேச சுகாதார விதிமுறைகளைத் திருத்தினார்கள். 2016 ஜூலை 11 முதல் மஞ்சள் அட்டைக்கு, அதாவது பயணிக்கான ஊசிச் சான்றுக்கு, இருந்த 10 ஆண்டு காலக்கெடு போய்விட்டது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போட்டுக்கொண்டு கென்யாவுக்கு விமானம் ஏறுகிறவரின் அட்டையும், போட்ட 10ஆம் நாள் முதல் ஆயுள் முழுக்கச் செல்லும்.

ஆனால் 10 ஆண்டு கடந்தபின் மறுபடி ஆபத்துள்ள பகுதிக்குப் போகிறவர்கள் இன்னொரு டோஸ் போட்டுக்கொள்ளட்டும் என்று ஜெர்மனியின் தடுப்பூசிக் குழு 2022இல் சொன்னது. பிரேசிலில் குழந்தைகளுக்கு 9 மாதத்தில் ஒன்று, 4 வயதில் ஒன்று. எல்லோருக்கும் கையில் கிடைப்பது ஒரே வகைக் கட்டுரைகள்தான். கேட்ட கேள்வியும், யாரை யாரோடு சேர்த்து எண்ணினார்கள் என்பதும்தான் வேறு. பயண மருத்துவத்தில் முறைசார் ஆய்வுத் தொகுப்பும் (ஒரு கேள்விக்கான எல்லா ஆய்வுகளையும் விதிப்படி தேடித் திரட்டுவது) மெட்டா அனாலிசிஸும் (அவற்றின் எண்களைச் சேர்த்துக் கணக்கிடுவது) செய்யப் பழக இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். சமூக மருத்துவத்தில் மேற்படிப்புப் படிப்பவர்களையும், முதல் தொகுப்பைத் தொடங்குகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

கேள்வியை எழுதுவது

“ஊசி எவ்வளவு காலம் வேலை செய்யும்?” என்று எழுதினால் வேலை முடியவே முடியாது. யாருக்கு, எந்த ஊசி, எதோடு ஒப்பிட்டு, எதை அளந்து, எத்தனை ஆண்டு கழித்து என்று ஐந்தையும் ஒரே வாக்கியத்தில் அடக்குங்கள். உதாரணம்: “மஞ்சள் காய்ச்சல் இல்லாத நாட்டில் வாழும், 18 வயதுக்குப் பிறகு 17டி வகை ஊசியை முழு அளவில் ஒரே முறை போட்ட, நோய் எதிர்ப்பாற்றல் குறைபாடு இல்லாதவர்களில், 10 ஆண்டுக்குப் பின் நடுநிலையாக்கும் ஆன்டிபாடி உள்ளவர்கள் எத்தனை சதவீதம், போட்டு 1 ஆண்டுக்குள் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு குறைவு?”

நீளமான வாக்கியம்தான். (17டி என்பது ஊசியில் உள்ள பலவீனமாக்கிய வைரஸ் வகை; நடுநிலையாக்கும் ஆன்டிபாடி என்பது வைரஸைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புப் பொருள்.) ஆனால் அதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு கதவை அடைக்கிறது. ‘நோய் இல்லாத நாடு’ என்று போடாவிட்டால், கொசுக்கடி வழியாகவே இயற்கையில் பூஸ்டர் கிடைக்கக்கூடிய அமேசான் பகுதி மக்களும் சென்னைப் பயணியும் ஒரே கணக்கில் வந்துவிடுவார்கள். ‘முழு அளவு’ என்று போடாவிட்டால், 2016இல் கின்ஷாசாவில் தட்டுப்பாட்டின்போது ஐந்தில் ஒரு பங்கு அளவு போடப்பட்டவர்களும் சேர்வார்கள். அந்தக் குறை அளவு ஊசியைச் சர்வதேசப் பயணச் சான்றுக்கு ஏற்பதில்லை. எனவே பயணிக்கான கேள்வியில் அதற்கு இடமில்லை.

குழந்தைகளைத் தவறாமல் பிரித்து வையுங்கள். ஒரு வயதை ஒட்டிப் போட்டவர்களுக்கு ஆன்டிபாடி வேகமாக இறங்குகிறது. பிரேசில் இரண்டாவது டோஸைச் சேர்த்ததற்குக் காரணமே அதுதான்.

கேள்வி முடிவானதும் நெறிமுறையை, அதாவது செய்யப்போகும் வேலையின் திட்டத்தை, எழுதி ஆய்வுத் தொகுப்புகளுக்கான பிராஸ்பெரோ பதிவேட்டில் ஏற்றுங்கள். தரவு எடுக்கத் தொடங்கிய பிறகு பதிந்தால் அதற்கு மதிப்பில்லை. முடிவைப் பார்த்துவிட்டுக் கால வரம்பை 10இலிருந்து 8 ஆண்டாக மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பதிவு.

தேடல்

பப்மெட், எம்பேஸ், காக்ரேன் சென்ட்ரல் ஆகிய மூன்று மருத்துவக் கட்டுரைத் தளங்களிலும் எல்லோரும் தேடுவார்கள். இந்தத் தலைப்புக்கு லத்தீன் அமெரிக்கக் கட்டுரைத் தளமான லிலாக்ஸ் இல்லாமல் தேடினால் பாதிக் குருடு. 17டி வகையைச் சேர்ந்த 17டிடி ஊசி பிரேசிலின் பயோ மாங்கின்யோஸ் நிறுவனத் தயாரிப்பு. அங்குள்ள ஆய்வுகளில் ஒரு பகுதி போர்த்துக்கீசிய மொழியில்தான் கிடைக்கும். ஆகவே ‘யெல்லோ ஃபீவர்’ என்பதோடு போர்த்துக்கீசியத்தின் ‘ஃபெப்ரே அமரேலா’, ஸ்பானியத்தின் ‘ஃபியெப்ரே அமரில்யா’, பிரெஞ்சின் ‘ஃபியெவ்ர் ஜோன்’ மூன்றையும் சேருங்கள். ஆங்கிலக் கட்டுரை மட்டும் என்ற வடிகட்டியைப் போடாதீர்கள்.

இரண்டு கருத்துகளை மட்டும் இணையுங்கள்: ஒன்று மஞ்சள் காய்ச்சல் ஊசி, மற்றொன்று ஆன்டிபாடி அல்லது பூஸ்டர் அல்லது மறு ஊசி. ‘கால அளவு’ என்ற மூன்றாவது கருத்தைச் சேர்த்தால் பட்டியல் சிறிதாகி நிம்மதியாக இருக்கும். கூடவே நல்ல கட்டுரைகளும் போய்விடும். ஒருவர் ‘நிலைத்தல்’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘நீண்டகாலத் தொடர் கவனிப்பு’ என்பார், வேறொருவர் தலைப்பில் ‘முதியோர்’ என்று மட்டும் போட்டிருப்பார்.

தேடல் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. நிச்சயம் உள்ளே வரவேண்டிய 10 கட்டுரைகளை முன்பே கையால் எடுத்து வையுங்கள். தேடல் முடிவில் அந்தப் பத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டாலும் அதன் தலைப்பையும் சுருக்கத்தையும் திறந்து, எந்தச் சொல் இல்லாததால் தப்பியது என்று கண்டுபிடித்துச் சேருங்கள். இரண்டாம் உலகப்போரில் ஊசி போட்ட அமெரிக்கப் படைவீரர்களை 30 முதல் 35 ஆண்டு கழித்துச் சோதித்து 1981இல் வெளியிட்ட கட்டுரை அந்தப் பத்தில் ஒன்றாக இருக்கட்டும். பழைய கட்டுரைகளுக்குப் பல சமயம் சுருக்கமே பதிவாகியிருக்காது; அவைதான் முதலில் நழுவும்.

சலித்தல்

இரட்டைப் பதிவுகளை ஸோடெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் நீக்கிவிட்டு, ரய்யான் போன்ற கருவியில் இருவர் தனித்தனியாக, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாதபடி சலிக்கவேண்டும். முழுப் பட்டியலில் இறங்குமுன் 100 சுருக்கங்களில் ஒத்திகை பாருங்கள்.

ஒத்திகையில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: இருவரும் சேர்த்தவை 12, இருவரும் தள்ளியவை 78, முதலாமவர் மட்டும் சேர்த்தவை 4, இரண்டாமவர் மட்டும் சேர்த்தவை 6. ஒத்துப்போனது 90 சதவீதம். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவை தள்ளவேண்டியவை என்பதால், கண்ணை மூடிக்கொண்டு சலித்தாலும் 71.8 சதவீதம் ஒத்துப்போகும். அதைக் கழித்துப் பார்த்தால் கப்பா (தற்செயலைத் தாண்டிய ஒப்புமையின் அளவு; முழு ஒப்புமை என்றால் 1) 0.65தான் வருகிறது. முரண்பட்ட 10 சுருக்கங்களையும் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் விதியில் ஒரு ஓட்டை இருக்கும்: “ஊசி போட்டதாகத் தாமே சொன்னவர்களைச் சேர்க்கலாமா, அட்டை வேண்டுமா?” என்பது போல. விதியைத் திருத்தி எழுதியபின் தொடருங்கள்.

தரவு எடுத்தல்: இங்கேதான் தொகுப்பு பிழைக்கும் அல்லது சாகும்

ஒவ்வொரு கட்டுரைக்கும் எக்செல்லில் ஒரு வரிசை என்று வைக்காதீர்கள். ஒவ்வொரு காலப்பட்டைக்கும் ஒரு வரிசை. 1 ஆண்டுக்குள், 1–5, 5–10, 10–20, 20க்கு மேல் என்று பட்டைகளை நெறிமுறையிலேயே எழுதுங்கள். சரியாக 10 ஆண்டு ஆனவர் எந்தப் பட்டை என்பதையும் எழுதுங்கள். அற்பமாகத் தோன்றும்; ஆனால் பழைய விதியின் காரணமாகப் பயணிகள் 10 ஆண்டு முடிந்த கையோடு பூஸ்டருக்கு வந்தார்கள். எனவே அந்த எல்லைக்கோட்டில்தான் ஆட்கள் குவிந்திருப்பார்கள்.

அடுத்தது சோதனை. எலைசா, ஹீமாக்ளூட்டினேஷன் தடுப்பு ஆகியவற்றை ஏற்கவேண்டாம். டெங்கு வந்துபோன ஒருவருக்கு அவை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். பிளாக் (வைரஸ் செல்களை அழித்த இடத்தில் தெரியும் வெற்றுப்புள்ளி) குறைப்பு நடுநிலையாக்கச் சோதனையை மட்டும் எடுங்கள். அதிலும் 50 சதவீதக் குறைப்பா, 80ஆ, 90ஆ என்பதற்கு எக்செல்லில் தனி நெடுவரிசை வேண்டும். வைரஸ் ஏற்படுத்தும் பிளாக்குகளை 90 சதவீதம் குறைக்கவேண்டும் என்றால் சீரம் அதிகச் செறிவில் தேவைப்படும். அதே ஆளின் அதே ரத்தம் 50 சதவீத அளவுகோலில் 1:10 என்ற நீர்த்தல் அளவைத் தாண்டி ‘பாசிட்டிவ்’ ஆகும், 90இல் தோற்கும். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதிவிட்டால், பின்னால் தெரியும் வேறுபாடு ஆய்வகத்தினுடையதா ஊசியினுடையதா என்று யாராலும் சொல்லமுடியாது.

சில கட்டுரைகளில் ‘தெளிவற்றது’ என்று மூன்றாவது வகை இருக்கும். அந்த எண்ணிக்கையைத் தனியாக எடுத்துவையுங்கள். பிறகு ஒருமுறை எல்லோரையும் பாசிட்டிவாகவும், ஒருமுறை நெகட்டிவாகவும் வைத்துக் கணக்கிடுங்கள். இரண்டு விடைகளும் விலகினால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

ஒரே குழுவை 4, 7, 10 ஆண்டுகளில் அளந்து மூன்று கட்டுரைகளாக வெளியிட்டிருப்பார்கள். ஒரே காலப்பட்டையில் ஒரே ஆளை இருமுறை எண்ணாதபடி ஊர், ஊசி போட்ட ஆண்டு, ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அவ்வளவுதான்.

சார்பு மதிப்பீட்டில், அதாவது ஆய்வின் விடை ஒருபக்கம் சாய்ந்திருக்குமா என்று பார்ப்பதில், நீட்டி முழக்கவேண்டியதில்லை. சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுக்கு ராப் 2 என்ற கருவி, விகிதம் மட்டும் சொல்லும் ஆய்வுக்கு ஜேபிஐ என்ற ஆய்வு நிறுவனத்தின் ஒன்பது கேள்விப் பட்டியல் போதும். இந்தத் தலைப்பில் நிஜமாக உறுத்துபவை இரண்டு: ஊசி போட்டதற்கு அட்டை ஆதாரம் இருந்ததா, இடையில் இன்னொரு டோஸ் போடவில்லை என்பது உறுதியா.

கணக்கு

ஒரு ஆய்வில் 50 பேரில் 45 பேருக்கு ஆன்டிபாடி இருக்கிறது. விகிதம் 90 சதவீதம். விகிதங்களை அப்படியே சராசரி எடுக்கமுடியாது. 100 சதவீதத்தை நெருங்கும்போது பிழை எல்லை 100ஐத் தாண்டி ஓடும். அதனால் லாஜிட்டாக (உள்ளவர்களை இல்லாதவர்களால் வகுத்த எண்ணின் இயற்கை மடக்கை) மாற்றுகிறோம்: 45ஐ 5ஆல் வகுத்து இயற்கை மடக்கை எடுத்தால் 2.197. மாறுபாடு 1/45 + 1/5 = 0.222, திட்டப் பிழை 0.471. இருபுறமும் 1.96 மடங்கு போய்த் திருப்பி மாற்றினால் 78 முதல் 96 சதவீதம்.

இப்போது 30 பேரில் 30 பேருக்கும் இருக்கும் ஆய்வு வருகிறது. 30ஐ 0ஆல் வகுக்கமுடியாது. மென்பொருள் சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் 0.5 சேர்க்கும். அப்போது விகிதம் 98.4 சதவீதமாகவும், கீழ் எல்லை 79 சதவீதமாகவும் வரும். சரியான ஈருறுப்பு முறையில் அதே ஆய்வின் கீழ் எல்லை 88 சதவீதம். எல்லோரும் பாசிட்டிவ் என்ற ஆய்வையே இந்தத் திருத்தம் பலவீனமாக்கிவிடுகிறது! இந்தத் தலைப்பில் அப்படிப்பட்ட சிறிய ஆய்வுகள் நிறையவே வரும். எனவே ஆர் மென்பொருளின் ‘மெட்டா’ தொகுப்பில் ‘மெட்டாப்ராப்’ கட்டளையை ஜிஎல்எம்எம் (எண்ணிக்கையை நேரடியாக ஈருறுப்புப் பரவலில் பொருத்தும் மாதிரி) முறையில் ஓட்டுங்கள், அதற்கு 0.5 தேவையில்லை. லாஜிட்டுக்குப் பதிலாக ஃப்ரீமன்–டூக்கி என்ற வேறொரு மாற்றத்தைப் பல பழைய கட்டுரைகள் பயன்படுத்துகின்றன. ஆய்வுகளின் அளவு மிகவும் வேறுபட்டால், அதைத் திருப்பி மாற்றும்போது விசித்திரமான விடை வருகிறது என்பதால் தவிர்ப்பது நல்லது.

ஐ ஸ்கொயர் (ஆய்வுகளின் விடைகளில் தெரியும் மாறுபாட்டில் தற்செயலைத் தாண்டிய பங்கு) 90 சதவீதத்தைத் தாண்டினால் பதறவேண்டாம். விகிதத் தொகுப்புகளில் அது வழக்கம். அதைவிட முன்கணிப்பு எல்லையைப் பாருங்கள். இனி ஒரு புதிய ஊரில் இதே ஆய்வைச் செய்தால் விடை எங்கே விழலாம் என்று அது சொல்லும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே அரிசி ஒரே உலையில் வெந்தால்தான். முன்கணிப்பு எல்லை 55 முதல் 99 வரை விரிந்தால், ‘சராசரி 88’ என்ற எண்ணைத் தலைப்பில் போடுவது நேர்மையல்ல.

மெட்டா ரிக்ரெஷன் (ஆய்வுகளின் விடைகள் எந்தக் காரணியால் வேறுபடுகின்றன என்று தேடும் கணக்கு) செய்ய ஆசைப்பட்டால், ஒரு காரணிக்குக் குறைந்தது 10 ஆய்வுகளாவது வேண்டும். அப்போதும் ஒரு பொறி உண்டு: குழந்தைகளை ஆராய்ந்தவை பெரும்பாலும் நோயுள்ள நாடுகளில் நடந்தவை, பயணிகளை ஆராய்ந்தவை பெரியவர்களைப் பற்றியவை. வயதும் நாடும் பின்னிக் கிடக்கும்போது எது காரணம் என்று ரிக்ரெஷன் பிரித்துக் காட்டாது.

எண்ணிலிருந்து பரிந்துரைக்கு

ஆன்டிபாடி குறைந்துவிட்டது என்பதும் பாதுகாப்பு போய்விட்டது என்பதும் ஒன்றல்ல. இந்த அளவுகோலின் வேர் 1973இல் வெளியான குரங்குச் சோதனையில் இருக்கிறது: நடுநிலையாக்கக் குறியீடு 0.7க்கு மேல் இருந்த குரங்குகள், கொல்லும் வைரஸைச் செலுத்தியும் தப்பின. மனிதருக்கு அப்படிச் சோதிக்கமுடியாது. நினைவு செல்களின் பங்கும் டைட்டரில், அதாவது ரத்தத்தில் அளந்த ஆன்டிபாடி அளவில், தெரியாது. எனவே ஆதாரத்தின் நம்பகத்தன்மையைத் தரப்படுத்தும் கிரேடு முறையில் ‘மறைமுகத்தன்மை’க்காக (பாதுகாப்பை நேரடியாக அளக்காததற்காக) ஒரு படி இறக்கியே ஆகவேண்டும். இந்த இறக்கத்தைச் செய்யாமல் விட்டவர்களின் அட்டவணையை நம்பாதீர்கள்.

தராசின் இன்னொரு தட்டில் இருப்பது நோய் வந்தவர்களின் கணக்கு. 2013 முடிவின்போது உலக சுகாதார நிறுவனத்தின் குழு காட்டியது இதைத்தான்: 1930களிலிருந்து 60 கோடி டோஸ் போட்டும், ஊசிக்குப் பிறகு மஞ்சள் காய்ச்சல் வந்ததாக அறியப்பட்டவர்கள் 12 பேர், அனைவருக்கும் வந்தது ஊசி போட்ட 5 ஆண்டுக்குள். காலம் போகப்போகப் பாதுகாப்பு தேய்கிறது என்றால் நோய் பிந்தைய ஆண்டுகளில் அல்லவா வந்திருக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். வலுவான வாதம்தான். ஆனால் நோயாளியின் ஊசி விவரத்தைத் தேடிப் பதிவு செய்யும் வசதி இல்லாத இடங்களிலும் இந்த நோய் இருக்கிறது. ஆகவே 12 என்பது கண்ணில் பட்ட எண்ணிக்கை மட்டுமே. இரண்டு தட்டுகளையும் ஒரே அட்டவணையில், தனித்தனி வரிசையாகக் காட்டுங்கள். ஒன்றை மற்றொன்றால் பெருக்காதீர்கள்.

பூஸ்டரின் தீமைக்கும் ஒரு வரிசை வேண்டும். உள்ளுறுப்புகளைத் தாக்கும் அரிய, கடுமையான பக்கவிளைவு ஏறக்குறைய எப்போதும் முதல் டோஸுக்குப் பிறகே பதிவாகியிருக்கிறது. 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். முதல் டோஸின் ஆபத்து எண்ணை எடுத்துப் பூஸ்டருக்குப் பொருத்தினால் பூஸ்டர் இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

கர்ப்ப காலத்தில் முதல் டோஸ் போட்டவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெற்றவர்கள் ஆகியோருக்குத் தனிப் பத்தி எழுதுங்கள். ஒரு டோஸ் போதும் என்ற பொது விதியிலிருந்து அமெரிக்கத் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2015இலேயே இவர்களுக்கு விலக்கு அளித்துவிட்டது.

எழுதும்போது, ஆய்வுத் தொகுப்பில் என்னென்ன சொல்லவேண்டும் என்ற பட்டியலான பிரிஸ்மா 2020இன் 27 அம்சங்களையும் பக்க எண்ணோடு நிரப்புங்கள். தேடல் தேதிக்கும் வெளியீட்டுக்கும் இடையே 12 மாதம் கடந்தால் மறுபடி தேடவேண்டும். இதழின் மறுப்புக் கடிதங்களில் காலம் ஓடுவதால் இதற்கு முன்கூட்டியே நேரம் ஒதுக்குங்கள். எக்செல் கோப்பையும் ஆர் குறிமுறையையும் கட்டுரையோடு திறந்த களஞ்சியத்தில் ஏற்றும்போது, முழுக்கட்டுரை படித்துத் தள்ளியவற்றின் பட்டியலையும் காரணத்தோடு சேர்த்து ஏற்றுங்கள். மதிப்பாய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.