குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்

வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பும்போது எல்லோருக்கும் முதலில் திருட்டு பயம்தான் வரும். உறைபனி விழும் இடத்தில் இருப்பவர்கள் அதற்கும் முன்னால் தண்ணீரை நினைக்க வேண்டும். ஒரு குளிர்காலத்தில் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, என் வீட்டு மரத்தரை நடுவில் மேடு தட்டியிருந்தது. சமையலறைச் சுவரைப் பிரித்துப் பார்த்தால், செப்புக் குழாயில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு, விளிம்புகள் உதடு மாதிரி வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தன. அவ்வளவு சின்ன வாய் வழியாகத்தான் வீடு முழுக்க நனைந்திருந்தது. முதல் முறையாக வீட்டைக் காலியாக விட்டுப் போகிறவர்களுக்கு அந்த அனுபவம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குழாய் ஏன் வெடிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. குழாயின் நடுவில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளர வளர, அதற்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் இடையில் சிக்கிய தண்ணீர் போக இடமில்லாமல் அழுந்துகிறது. அந்த அழுத்தம்தான் குழாயைக் கிழிக்கிறது. அதனால் உறைந்த இடம் ஒன்றாகவும் வெடித்த இடம் வேறாகவும் இருப்பதுண்டு. இன்னொரு விஷயம், கட்டி அடைத்திருக்கும்வரை பெரும்பாலும் ஒரு சொட்டும் ஒழுகாது. வெயில் வந்து கட்டி உருகிய பிறகுதான் தண்ணீர் கொட்டத் தொடங்கும். அப்போது வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள்.

சூடா, வடிப்பா? முதலில் முடிவெடுங்கள்

இரண்டு வழிதான் இருக்கிறது. வீட்டைச் சூடாக வைக்கும் ஹீட்டிங்கை ஓடவிட்டுப் போவது ஒன்று, குழாய்களைக் காலி செய்துவிட்டுப் போவது இன்னொன்று.

சில நாள் பயணம்தான் என்றால் ஹீட்டிங்கின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 13 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்து, வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் மெயின் வால்வை மூடிவிட்டுப் போனால் போதும். சிங்க்குக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், அறையின் சூடு குழாய்வரை போகும். செலவு மிச்சம் என்று தெர்மோஸ்டாட்டை 5, 6 டிகிரிக்கு இறக்கிவிடாதீர்கள். அது காட்டுவது அறையின் சூட்டை. வெளிச்சுவருக்குள் ஓடும் குழாய் அதைவிடக் குளிர்ந்திருக்கும்.

ஒரு வாரத்துக்கு மேல் போகிறீர்கள் என்றால் வடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மின்சாரம் ஒரே ஒரு இரவு போனாலும் ஹீட்டிங் நின்றுவிடும். குழாயில் தண்ணீரே இல்லை என்றால் அந்தக் கவலையும் இல்லை.

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் சுடுநீர் ஓடும் வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. அந்தக் குழாய்களிலும் தண்ணீர்தான் இருக்கிறது. ஹீட்டிங்கை அணைப்பதற்கும் மெயினை மூடுவதற்கும் முன்னால் அதைப் பராமரிக்கும் மெக்கானிக்கிடம் பேசிவிடுங்கள். தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் உள்ள கட்டடத்திலும் அப்படித்தான், அதற்குப் போகும் தண்ணீரை நீங்களாக மூடக் கூடாது.

படி 1: வாட்டர் ஹீட்டரை அணையுங்கள்

முதல் வேலை இதுதான். மின்சார ஹீட்டர் என்றால் அதற்கு மின்சாரம் தரும் பிரேக்கரையே இறக்கிவிடுங்கள். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் உள்ளே இருக்கும் சூடேற்றி ஓடினால் சில நிமிடங்களில் கருகிப் போகும். எரிவாயு ஹீட்டர் என்றால் அதன் வாயு வால்வை மூடுங்கள். தொட்டி ஆறச் சில மணி நேரம் ஆகும், அதனால் கிளம்பும் நாளுக்கு முந்தின இரவே அணைத்துவிடுவது நல்லது.

படி 2: மெயின் வால்வை மூடுங்கள்

வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில், பெரும்பாலும் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். கைப்பிடி நீட்டாக இருந்தால் கால் சுற்று திருப்புங்கள், குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியாயிற்று. வட்டப்பிடி என்றால் வலப்பக்கமாக, நிற்கும்வரை சுற்றுங்கள். பழைய வட்டப்பிடி வால்வுகள் முழுசாக மூடாமல் ஏமாற்றும். ஏதாவது ஒரு குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். இன்னும் நூலாக ஒழுகினால் வால்வு பிடிக்கவில்லை என்று அர்த்தம், பிளம்பரைக் கூப்பிடுங்கள். இதைக் கிளம்பும் அன்று கண்டுபிடித்தால் பதற்றம்தான், ஒரு வாரம் முன்பே சோதித்துவிடுங்கள்.

படி 3: வடியுங்கள்

மேல்தளத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு குழாயிலும் சுடுநீர், குளிர்நீர் இரண்டு பக்கத்தையும் திறந்து அப்படியே விடுங்கள், ஷவரையும் சேர்த்து. பிறகு வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறங்கள். மேலே காற்று நுழைவதால் கீழே தண்ணீர் கடகடவென்று இறங்கும். மாடியில் நின்று கேட்டால், திறந்த குழாய்கள் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் வேலை சரியாக நடக்கிறது.

அப்புறம் ஃபிளஷ் தொட்டி. பிடியை அழுத்திப் பிடித்து முழுசாக இறக்கிவிட்டு, அடியில் தேங்கும் கொஞ்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். வாட்டர் ஹீட்டர் தொட்டியின் அடியில் வடிகுழாய் இருக்கும். அதில் ஹோஸ் மாட்டி வடிகாலுக்கு விடுங்கள். வாஷிங் மெஷினின் இரண்டு ஹோஸ்களையும் கழற்றுங்கள். பாத்திரம் கழுவும் மெஷினையும், தண்ணீர் இணைப்புள்ள ஃபிரிட்ஜையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தோட்டக் குழாயில் ஹோஸ் மாட்டியிருந்தால் அவசியம் கழற்ற வேண்டும். அது மாட்டியே இருந்தால் சுவருக்குள் தண்ணீர் தேங்கி உறையும்.

குழாய்கள் சரிவாக இல்லாமல் தொய்ந்து போகும் இடங்களில் தண்ணீர் தானாக இறங்காது. உங்கள் வீட்டில் அப்படி இருக்கிறது என்று தோன்றினால், பிளம்பரை வரவழைத்துக் காற்றழுத்தம் கொடுத்து ஊதி வெளியேற்றச் சொல்லுங்கள். இந்த ஒரு செலவைத் தவிர்க்க வேண்டாம்.

படி 4: வளைகுழாய்களை மறக்காதீர்கள்

சிங்க்குக்கு அடியில் வளைந்து போகும் குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். உறைந்தால் வளைவு பிளக்கும், வறண்டால் வீடு நாறும். அதனால் புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ந்த, குடிநீர்க் குழாய்களுக்கென்று விற்கும் ஆன்டிஃப்ரீஸை, அதாவது உறையாமல் தடுக்கும் திரவத்தை, ஒவ்வொரு வடிகாலிலும் ஊற்றுங்கள். சிங்க், ஷவர், தரை வடிகால், கழிவறைக் கிண்ணம், எதையும் விடாதீர்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவது வேறு சரக்கு. அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும், அது கொடிய விஷம், இங்கே கூடவே கூடாது.

படி 5: மற்றவை

ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். குளிருக்கு எலிகள் உள்ளே வரப் பார்க்கும். பென்சில் நுழையும் ஓட்டை இருந்தாலே சுண்டெலிக்குப் போதும், குழாய்கள் சுவரைத் துளைத்துப் போகும் இடங்களில் இரும்பு நாரைத் திணித்து அடையுங்கள். கூரைத் தண்ணீர் வடியும் தகரவாயில் கிடக்கும் இலைகளை அள்ளி எறியுங்கள். அடித்தளத்தில் நீரிறைக்கும் பம்பு இருந்தால் அதன் மின்சாரத்தை மட்டும் அணைக்காதீர்கள்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். வீடு 30 அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் சில சேதங்களுக்குப் பணம் கிடையாது என்று பல பத்திரங்களில் எழுதியிருக்கும்.

சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, வாரம் ஒரு முறை உள்ளே வந்து பார்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மெயின் வால்வு எங்கே, எப்படி மூடுவது என்று கூட்டிப்போய்க் காட்டுங்கள், அவர் கையாலேயே ஒரு முறை திருப்பச் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும்

முதலில் வீட்டைச் சூடாக்குங்கள். கழற்றிய ஹோஸ்களை மாட்டி, எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தளத்தில் ஒன்றை மட்டும் திறந்து வைத்து, மெயின் வால்வை மெதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். இன்னொருவர் கூட இருந்தால் நல்லது. ஒருவர் வால்வில் கை வைத்திருக்க, மற்றவர் டார்ச்சோடு அறை அறையாகப் போய்ச் சுவரையும் மேற்கூரையையும் பார்க்கட்டும். முதலில் காற்று துப்பும், கலங்கலாக வரும், பிறகு தெளியும். சுடுநீர்க் குழாயில் தண்ணீர் தடங்கலில்லாமல் சீராக வந்தால் தொட்டி நிரம்பிவிட்டது என்று பொருள். ஹீட்டரின் பிரேக்கரை அதற்குப் பிறகுதான் மேலே தூக்க வேண்டும்.