கட்டுரையை நறுக்கென்று எழுத

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளே, முதல் வரைவை வேகமாக எழுதிவிடுங்கள், வெட்டுவதெல்லாம் அப்புறம். நானும் பத்திக்குப் பத்தி 'என்றால் அது மிகையாகாது' போட்டு, ஆசிரியரின் சிவப்பு மையைத் தீர்த்தவன்தான். 'பினாங்குப் பாலமானது 1985ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்ட ஒன்றாக விளங்குகின்றது' என்று இழுத்திருந்தால், 'பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது' போதும், ஒரு தகவலும் குறையவில்லை பாருங்கள். 'மேற்கொள்ளப்பட்டது' கண்ணில் பட்டால் யார், என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்: 'துப்புரவுப் பணி மேற்கொள்ளப்பட்டது' என்பது 'மாணவர்கள் திடலைக் கூட்டினார்கள்' ஆகிவிடும். பழமொழி? பொருந்தினால் ஒன்று. சரி, எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு வாங்கினால் அந்த வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.