30 வருஷத்துக்குப் பிறகு வகுப்புத் தோழர்களைத் தேடியபோது

பக்கத்து பெஞ்சுத் தோழன் இறந்த சேதி, அவன் போய் 8 மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் எங்கள் வகுப்புக்கு ஒரு குழு இருக்கத்தான் செய்தது. காலை வணக்கப் படங்களுக்கும் ஃபார்வர்டுகளுக்கும் நடுவே யாரோ போட்ட அந்த ஒரு வரி என் கண்ணில் படவே இல்லை. மனசு ஆறவில்லை.

உடனே இன்னொரு குழு தொடங்கி, அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று செட்டிங்ஸில் மாற்றினேன். கல்யாணம், உடல்நலம், இறப்பு, நம்பர் மாற்றம் மட்டும் அதில் வரும். அரட்டை பழைய குழுவிலேயே தொடர்ந்தது.

விட்டுப்போனவர்களைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய தோழிகள் ஃபேஸ்புக் தேடலில் சிக்கவில்லை. கடைசி வருஷ குரூப் போட்டோவை ஸ்கேன் செய்து, வரிசை வாரியாகப் பெயர் எழுதி, பழைய குழுவில் போட்டேன். "மூன்றாவது வரிசை, இடமிருந்து ஐந்தாவது ஆள். இவள் தம்பி என் ஆபீஸ்தான்!" என்று ஒரு பதில். ஒரே வாரத்தில் 11 பேர் கிடைத்தார்கள்.

யாருடைய நம்பரையும் நான் கேட்டு வாங்கவில்லை. என் நம்பரைக் கொடுத்தனுப்பினேன். விருப்பமிருந்தால் அவர்களே கூப்பிடட்டும். பழசைத் திறக்க எல்லாருக்கும் மனசு வராது, அதை மதிக்கணும். இருவர் இன்னும் கூப்பிடவில்லை.

போன ஞாயிறு ஒரு புது நம்பர். "ரோல் நம்பர் 27 பேசறேன்" என்றாள். பெயர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. குரல் அப்படியே இருந்தது.