நோர்வே வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது எப்படி

பல்லாண்டுகள் நோர்வேயில் வாழ்ந்த பின்னும் வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கக் கூசுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வடக்கே மீன் தொழிற்சாலைகளில் தமிழரோடு தமிழராக உழைத்து முதுமையடைந்தவர்களிடம் இந்தக் கூச்சத்தைக் கூடுதலாகக் காணலாம். நாட்டு மொழியைக் கற்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்கும் அறை மொழி பழகுவதற்கான இடமன்று.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டத்தின்படி, ஒருவரின் சட்டப் பாதுகாப்புக்கோ முறையான உதவிக்கோ தேவைப்படும்போது தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அரச நிறுவனத்தின் கடமை. ஆகவே கேட்பதற்குத் தயங்க வேண்டாம். சந்திப்புக் கடிதம் வந்தவுடனேயே அதிலுள்ள எண்ணுக்கு அழைத்து, மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதையும் மொழி தமிழ் என்பதையும் சொல்லிவிடுங்கள். இலங்கைத் தமிழ் பேசுபவரே வசதி என்றால் அதையும் அப்போதே குறிப்பிடலாம். தகுதி பெற்றவர்களின் பெயர்கள் தேசிய மொழிபெயர்ப்பாளர் பதிவேட்டில் ஏ (A) முதல் ஈ (E) வரையான ஐந்து தகுதிப் பிரிவுகளில் இருக்கின்றன, ஏ உயர்ந்தது.

அறைக்குள் போனபின் வைத்தியரைப் பார்த்தே பேசுங்கள். தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பு நடந்தால், ஒலிபெருக்கி போட்ட தொலைபேசியை உங்களுக்கும் வைத்தியருக்கும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். சுவரோரம் கிடந்தால் பாதி விளங்காது. இரண்டு மூன்று வசனங்கள் சொல்லி நிறுத்துங்கள். மொழிபெயர்ப்பாளர் "எனக்கு நெஞ்சு வலிக்கிறது" என்று தன்னிலையில் சொன்னால் திகைக்க வேண்டாம், அதுதான் முறை. மருந்தின் அளவையும் அடுத்த தேதியையும் நீங்களே திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வது அவசியம். மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்பதால், ஊர்க்காரரோ என்று அஞ்சி நோயை மறைக்க வேண்டியதில்லை.

பிள்ளையை அழைத்துப்போய் மொழிபெயர்க்கச் செய்யும் பழக்கம் நம் வீடுகளில் வேரூன்றியது. உயிராபத்து போன்ற விதிவிலக்குகள் தவிர, சிறுவரை அரச நிறுவனங்கள் மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதை அச்சட்டம் தடுக்கிறது. தாயின் கருப்பைக் கட்டியைப் பற்றிப் பன்னிரண்டு வயது மகன் வாயால் கேட்க நேர்வது எவ்வளவு கொடுமை! வளர்ந்த பிள்ளைகள் துணைக்கு வரட்டும். ஆனால் அப்பா பயப்படுவார் என்று பாதியை விழுங்கிவிடுவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

செலவுக்கு வருவோம். நோயாளி மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் செலுத்துவதில்லை. அயல்நாடான டென்மார்க், மூன்றாண்டுக்கு மேல் அங்கே வாழ்பவர்களிடம் வைத்திய மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் அறவிடும் முறையை 2018-இல் கொண்டுவந்தது. மக்கள் மொழி படிப்பார்கள் என்பது அதன் வாதம். கட்டணத்துக்கு அஞ்சி வைத்தியரிடமே போகாமல் நோயை முற்றவிடுகிறவரின் செலவு அந்தக் கணக்கில் வருவதில்லை என்பது என் எண்ணம். அதற்காகப் பொதுப் பணத்தை வீணாக்கவும் கூடாது. வர முடியாவிட்டால் முன்கூட்டியே அறிவியுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் மொழிபெயர்ப்பாளரின் நேரமும் வீணாகும், வைத்தியசாலை உங்களிடம் கட்டணமும் அறவிடும்.

மொழியைக் கற்பதைச் சிறு காரியங்களில் தொடங்குங்கள். மருந்தகத்திலும் நூலகத்து மொழிக் கஃபேயிலும் (மொழி பேசிப் பழகும் கூடல்) தவறாகவேனும் நோர்வே மொழியில் பேசுங்கள். செஞ்சிலுவைச் சங்கமும் பல ஊர்களில் உரையாடல் பயிற்சி நடத்துகிறது. குடியுரிமைக்கான வாய்மொழித் தகுதி 2022 அக்டோபர் முதல் ஏ2 (A2) என்ற அடிப்படை மொழி நிலையிலிருந்து அதற்கு அடுத்த பி1 (B1) நிலைக்கு உயர்த்தப்பட்டுள்ளதால், விண்ணப்பிக்க எண்ணுபவர்கள் பிற்போட வேண்டாம். அடுத்த சந்திப்பில் உங்கள் பெயர், பிறந்த தேதி, எங்கே வலி, எப்போதிலிருந்து வலி ஆகிய நான்கையும் நீங்களே நோர்வே மொழியில் சொல்லிவிட்டு, மிகுதியை மொழிபெயர்ப்பாளரிடம் விடுங்கள்.