மல்லிகை கட்டி விற்றுக் கூடுதல் வருமானம் பெறுவது எப்படி?

மதுரையில் சிறு முதலீட்டில் தொடங்கக்கூடிய தொழில்களில் பூக்கட்டுதலையே நான் முதலில் சொல்வேன். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் காலையிலேயே அரைக் கிலோ உதிரி மல்லிகை வாங்குங்கள். விரியாத கெட்டி மொட்டாக இருந்தால்தான் மாலையில் மணக்கும். வாழைநாரை நனைத்து மெல்லிய இழைகளாகக் கிழித்துக்கொண்டு, மொட்டுகளை எதிரெதிராக இரண்டிரண்டாக வைத்து, காம்பு நசுங்காமல் சுருக்கிட்டு நெருக்கமாகக் கட்ட வேண்டும். இடைவெளி விட்டால் முழம் நீளும், ஆனால் வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். கட்டிய சரத்தை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். முகூர்த்த நாள்களிலும், பனியால் வரத்து குறையும் மார்கழி, தை மாதங்களிலும் பூவின் விலை கடுமையாக ஏறுவதால், அன்றைய கொள்முதல், பேருந்துக் கட்டணம், உங்கள் உழைப்பு ஆகியவற்றைக் கணக்கிட்ட பிறகே முழத்துக்கு விலை சொல்லுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் வெள்ளிக்கிழமை வாடிக்கை பிடித்துவிட்டால், பூ மிஞ்சி வீணாவது குறையும்.