ஜாஸோடு கியூபா, ஹைத்திப் பாடல்களைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தக் கலவை பெரும்பாலும் சறுக்குவது கிளாவேயில்தான். இரண்டு மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் ஐந்து அடிகள் அவை. சோன், ரும்பா இரண்டும் கியூப இசை வகைகள். ஒரு சுற்றை 16 துடிப்பாகப் பிரித்தால் சோன் கிளாவேயில் 1, 4, 7, 11, 13-இல் அடி விழும். ரும்பா கிளாவேயில் மூன்றாவது அடி மட்டும் 8-க்குத் தள்ளிப்போகும். அந்த ஒரு துடிப்பில் பாட்டின் நடையே வேறாகிவிடும்.

முதல் பாதியில் மூன்று அடி, அடுத்த பாதியில் இரண்டு. எந்தப் பாதியில் பாட்டு எடுப்பது என்பதை மெட்டே சொல்லிவிடும். ஜாஸ் அமைப்பாளர் முன்னிசையை அழகாக்க, கணக்குப் பார்க்காமல் ஒரே ஒரு பாரை, அதாவது அரைச் சுற்றை, கூட்டினால் போதும், பாடகர் தப்பான பாதியில் வந்து விழுவார். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ இடறுவது மட்டும் தெரியும். 1940-களில் நியூயார்க்கில் மச்சீட்டோ குழுவின் இசை இயக்குநர் மரியோ பௌசா, கியூபத் தாளத்தை அடித்தளமாக வைத்து அதன்மேல் ஜாஸ் ஊதுகருவிகளை ஏற்றினார். அதுதான் சரியான வரிசை.

அப்புறம், ஹைத்திப் பாட்டுக்கும் இதே கிளாவேயை மாட்டாதீர்கள். ஹைத்தியின் வோடூ மதச் சடங்கில் வரும் யான்வலூ என்ற ஆட்டத் தாளம் திஸ்ர நடையில் அசைவது. ஓகான் என்ற இரும்பு மணிதான் அதற்கு வழிகாட்டி. அதன்மேல் சோன் கிளாவேயைப் போட்டால் இரண்டும் கெடும்.

குரலை அலங்காரமாக நினைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. கியூபாவின் கமகுவே நகரத்து தெசாந்தான் குழுவைக் கேளுங்கள். கரும்பு வெட்டப் போன ஹைத்தியர்களின் வழிவந்தவர்கள், ஹைத்தி மொழியான கிரியோலில் பாடுகிறார்கள். அந்தக் குரல்களின் ஹார்மனியே நிறைவானது. பியானோ அதே ஸ்தாயியில் ஒன்பதாம், பதின்மூன்றாம் சுரங்களும் கலந்த அடர்ந்த கார்டுகளைக் (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) கொட்டினால் சொற்கள் மூழ்கிவிடும். நடு ஸ்தாயியைப் பாடகர்களுக்கு விட்டுவிடுங்கள். ஒருவர் பாட, கூட்டம் பதில் பாடும் இடத்தில் சாக்ஸபோன் அந்தப் பதிலை மிதிக்கக் கூடாது. தனி வாசிப்புக்கு வேறு இடம் ஒதுக்கலாம்.

கடைசியாக, பாடல்களின் வரிசை. சடங்கில் கியூபாவில் எலெகுவா என்ற தெய்வத்துக்கும் ஹைத்தியில் லெக்பா என்ற தெய்வத்துக்கும்தான் முதல் பாட்டு. மேடைக்கு எந்தப் பாட்டு வரலாம், எது வரக் கூடாது என்பதை அந்த மரபில் பாடுகிறவரிடம் ஒத்திகைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.